இடம் பார்க்கிற ராவுத்தர்

கொடைக்கானல் கடைத்தெருவில் அப்துல் குத்தூஸ் ராவுத்தரைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அந்த ஆள் அன்று காலையில்தான் மலையேறி வந்திருக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒட்டிய வருஷங்கள் அவை. அரிக்கேன் விளக்கு, தார்ப்பாய், கயிறு, எனாமல் தட்டு எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். கூடாரம் வாடகைக்கும் கிடைக்கும். ஆனால் அவர் பெயர் நின்றது சரக்கினால் இல்லை. கூடாரம் போட இடம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று துரைமார் நம்பினார்கள். ராவுத்தரும் நம்பினார். துரைமாரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சித்திரை வெயிலுக்கு மதராஸில் கடற்கரையோரம்கூட நிற்க முடியாமல் போனதும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு மலைக்கு வந்துவிடும். ஏரியில் படகு விட்டு, பந்தடித்து, ஒருவர் பங்களாவில் ஒருவர் டீ குடித்து அலுத்துப் போனபிறகு அவர்களுக்குக் காட்டில் போய்ப் படுக்க ஆசை வரும். வீடு வாசல் உள்ளவர்களுக்கு இப்படி ஓர் ஆசை ஏன் வருகிறது என்பது ராவுத்தருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. பிழைப்பு அதில் ஓடியதால் அவரும் அதிகம் யோசிக்கவில்லை.

அவர் இடம் பார்க்கும் அழகே தனி. முதலில் மாடுகள் எங்கே படுத்து அசை போடுகின்றன என்று பார்ப்பார். ஈரத்தில் மாடு படுக்காது. கல்லைப் புரட்டி அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். பீடியைப் பற்றவைத்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டுவார். எல்லாம் ஒத்துவந்தால் மேல்துண்டை விரித்துத் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். தலைப்பக்கம் தாழ்வா, முதுகில் வேர் குத்துகிறதா என்பதை உடம்பே சொல்லிவிடுமாம்.

“தொரை படுக்கறதுக்கு முன்னாடி நான் படுத்துப் பாத்துருவேன்” என்று கடையில் உட்கார்ந்து சொல்வார். சொல்லும்போது தொப்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். “எடம் பாக்குற ராவுத்தர்” என்று கடைத்தெருவே அவரைக் கூப்பிட்டது. கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் இனித்தது.

இந்தக் கதை நடந்த வருஷம் தையில் அவர் மனைவி ரஹ்மத் பீவிக்குக் குழந்தை பிறந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. நாற்பது நாளும் ராவுத்தர் செய்த ஆர்ப்பாட்டம் கொஞ்சமில்லை. பிள்ளை பெற்றவள் இருந்த அறைக்கு நல்ல கூடாரத் துணியாகப் பார்த்து இரட்டைத் திரை கட்டினார். மண்ணெண்ணெய் கொண்டு வருகிறவன் தெருமுனையிலேயே குரல் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். அடுத்த வீட்டு ஒலியுல்லா மாடிச் சன்னலைத் திறந்து வைத்தார் என்று அவரோடு வாய்ச்சண்டை போட்டு, அந்தச் சன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடிக்க வைத்த பிறகுதான் அடங்கினார்.

“பிள்ள பெத்தவ இருக்குற எடம். மானம்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று கேட்டார். 

அந்தச் சித்திரையில் மதராஸிலிருந்து ஒரு கம்பெனித் துரை குடும்பத்தோடு வந்தார். வழக்கமான இடமெல்லாம் அவருக்கு வேண்டாம். இதுவரை எந்த வெள்ளைக்காரனும் கூடாரம் அடிக்காத இடமாக வேண்டும் என்றார். ராவுத்தருக்கு இது சவாலாகப் பட்டது. மட்டக்குதிரையில் ஏறிக் கூக்கால் பக்கம் போனார். அங்குள்ள ஏரியைத் தாண்டி, இன்னும் மேலே, பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஒரு சிற்றூர். அதன் பெயர் இங்கே வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் பட்டது போதும்.

ஊருக்கு ஒதுக்குப்புறமாக, சோலைக்காட்டின் ஓரத்தில் அந்த இடம் இருந்தது. நான்கு பக்கமும் பூண்டு வயலாக இருக்க, அங்கே மட்டும் ஒருவரும் மண்வெட்டி போடவில்லை. பச்சைப் புல். காற்றுக்கு மறைவு. ஓரத்தில் கண்ணாடியாக ஓர் ஊற்று. தாழ்வான கூரையோடு ஒரு கல் குடிசையும் இருந்தது. ஆளில்லை. வாசல் பெருக்கிக் கிடந்தது. உள்ளே அடுப்புக்கல் மூன்று, மண்பானை ஒன்று, விட்டத்திலிருந்து தொங்கிய பழஞ்சேலைக் கயிறு ஒன்று. மாடு மேய்க்கிறவன் குடிசை என்று ராவுத்தர் முடிவு கட்டினார். ‘உறிகூடக் கட்டி வச்சிருக்கான்’ என்று நினைத்துக்கொண்டார். சமையல் கட்டுக்கு இதைவிட வசதி வேறு வேண்டாம்.

பீடி பற்றவைத்தார். தண்ணீர் குடித்தார். துண்டை விரித்துப் படுத்தார். மெத்தை தோற்றது. அந்த ஊற்றிலேயே கை கால் முகம் கழுவி ஒளுச் செய்து, பிற்பகல் தொழுகையான அசர் தொழுதார். எழுந்தபோது இப்படி ஓர் இடத்தைக் கண்ணில் காட்டியதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார்.

ஊர்ப்பெரியவரை அங்கே மன்னாடி என்பார்கள். அப்போது மன்னாடியாக இருந்தவர் திருமலைச்சாமி. அவர் வாசலில் உட்கார்ந்து விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார்.

“மன்னாடி, சோலையோரமா ஊத்துக்கிட்ட ஒரு புல்லுத்தரை கெடக்கே, அதுல தொரைக்குக் கூடாரம் போடலாம்னு இருக்கேன்.”

திருமலைச்சாமியின் கை நின்றது. “அங்க வேண்டாங்க ராவுத்தரே. குளத்தங்கரையில போட்டுக்கங்க.”

“ஏன், சாமி எடமா?”

“சாமியெல்லாம் இல்லைங்க.”

“யாரு பட்டாவாச்சும் இருக்கா?”

“யாருதும் இல்லைங்க.”

“பெறகென்ன?”

“வேண்டாங்க.” அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று ஆண்களும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள்.

ராவுத்தருக்குச் சிரிப்பு வந்தது. கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவருக்கு வேறென்ன தோன்றும்? ‘வேண்டாம்’ என்றால் பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னால் இன்னும் கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்கிறான் என்று அர்த்தம். இருபது வருஷமாக அவருக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

“ஊருக்கு உப்பு மூட்டை எறக்கிடுறேன் மன்னாடி. மண்ணெண்ணெயும் தாரேன். எத்தனன்னு நீங்களே சொல்லுங்க.”

திருமலைச்சாமி எழுந்தார். பூண்டை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வரவில்லை. உப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்படியென்றால் சம்மதம்தான் என்று ராவுத்தர் குதிரையைத் திருப்பினார். புறம்போக்கு நிலம் என்பதால் துரை பெயரைச் சொல்லி அனுமதி வாங்குவதும் சிரமமாக இல்லை. சொன்ன சொல் தவறாமல் உப்பு மூட்டைகளையும் அனுப்பி வைத்தார். அவை ஊர் எல்லையில் இறக்கிய இடத்திலேயே மழையில் கரைந்துகொண்டிருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

கூடாரம் சுமக்கப் பேத்துப்பாறையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி சின்னக்கருப்பன். சமையல் சாமானைக் குடிசைக்குள் இறக்கும்போது அவன் நின்று யோசித்தான்.

“மாட்டுக்காரன் குடுசை மாதிரித் தெரியலையேங்க. இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்காக.”

“ஏலே, ஒனக்குச் சொமக்குற சோலி, எனக்குப் பாக்குற சோலி. வெரசா எறக்கு” என்றார் ராவுத்தர்.

கூடாரங்கள் எழும்பின. துரைசானி புல்லில் செருப்பில்லாமல் நடந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள். துரை ராவுத்தரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பட்லர் குடிசையில் அடுப்பு மூட்டி, விட்டத்துச் சேலைக் கயிற்றில் ஒரு கொக்கியை மாட்டி ஆட்டுத்தொடையைத் தொங்கவிட்டான். எல்லாம் நேர்த்தியாக இருந்தது. ஊரிலிருந்துதான் ஒரு குஞ்சுகூட எட்டிப் பார்க்கவில்லை. வேறு ஊர்களில் கூடாரம் போட்டால் பாலும் முட்டையும் தேடி வரும். வேடிக்கை பார்க்கவே கூட்டம் சேரும். இங்கே வயலில் வேலை செய்த ஆண்கள்கூடக் கூடாரத்துக்கு முதுகைக் காட்டியே குனிந்து வேலை செய்தார்கள். திமிர் பிடித்த ஊர் என்று ராவுத்தர் நினைத்தார்.

பிறகு கோடைமழை பிடித்துக்கொண்டது. மலையில் அது பெய்தால் குளிர் எலும்புக்குள் இறங்கும். துரை பிள்ளைகளுக்குப் பால் வேண்டும் என்றதும், வெள்ளனே எழுந்து ராவுத்தரே தூக்குச்சட்டியோடு கிளம்பினார். வழக்கமான பாதை சேறாகிக் கிடந்ததால் சோலைக்குள் புகுந்து மேலேறினார். அங்கே ஒரு பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு சில பெண்கள் ஒண்டியிருந்தார்கள். அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒருத்தி மட்டும் திரும்ப முடியாமல் இருந்தாள். மடியில் குழந்தை. பிறந்து சில நாளே ஆகியிருக்கும். அதன் நெஞ்சு இழுத்து இழுத்து அடங்குவது அவர் நின்ற இடத்துக்கே தெரிந்தது.

“என்ன தாயி, இங்க இப்பிடி?” என்று ராவுத்தர் ஓர் அடி முன்னால் வைத்தார்.

“அங்கனயே நில்லுங்க. கிட்ட வராதீங்க” என்றாள் அவள். “நாங்க தீட்டு. பெறகு இந்தக் குளுருல நீங்க தலை முழுகணும்.”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒருசேர எல்லாம் விளங்கியது. மாதவிலக்கு நாளிலும் பேறுகாலத்திலும் அந்த ஊர்ப் பெண்கள் வீட்டைவிட்டு வந்து தங்குகிற குடிசை அது. அவர்கள் குளிக்கிற ஊற்று அது. ஆண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள், பார்க்கமாட்டார்கள், அதைப் பற்றி வாயும் திறக்கமாட்டார்கள். தீட்டோடு வீட்டுக்குள் போக முடியாது. குடிசைக்குள் பட்லர் கோழி வறுத்துக்கொண்டிருக்கிறான். விட்டத்தில் தொங்கியது உறியும் இல்லை, தொட்டில் கயிறு.

அவள் பெயர் சின்னத்தாயி. அவர் கேட்காமலேயே அவள் சொன்னாள்; கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். “அன்னைக்கு நீங்க துண்ட விரிச்சுப் படுத்துப் பாத்தப்ப நாங்க இந்தப் பொதருக்குள்ளதான் நின்னோம். எனக்கு நெறமாசம். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு நெனச்சோம்.”

“ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே, தாயி.”

“எப்பிடிக் குடுக்கறது?” என்றாள் அவள்.

ராவுத்தர் கூசிப்போனார். ஒலியுல்லாவின் சன்னலில் அடித்த ஆணி ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. தன் வீட்டுக்கு இரட்டைத் திரை கட்டிய கை, இன்னொரு வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியின் கூரையைப் பிடுங்கி அடுப்படி ஆக்கியிருக்கிறது. அந்த ஊற்றில் முகம் கழுவித் தொழுதுவிட்டு நன்றி வேறு சொல்லியிருக்கிறார். தூக்குச்சட்டியை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வெறுங்கையோடு கீழே ஓடிவந்தார்.

துரை கூடார வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். துரைசானியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள். ராவுத்தர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“தொரை, இந்த எடம் வேண்டாங்க. மாத்திரணும். இப்பவே.”

துரைக்குத் தமிழ் பேசத் தெரியும். “ஏன் வேண்டாம்?”

ராவுத்தர் வாயைத் திறந்தார். துரைசானி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்லரும் சுமையாட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஆண்களுக்கு நடுவில், ஒரு பெண்பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு அதை எந்த வார்த்தையில் சொல்வது?  அவர் தலை தானாகக் குனிந்தது.

“வேண்டாங்க” என்றார்.

“கோயில் இடமா?”

“இல்லைங்க.”

“யாருக்காவது சொந்தமா?”

“இல்லைங்க தொரை.”

துரை சிரித்தார். காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “சரி, உனக்கு இன்னும் எவ்வளவு வேண்டும், சொல்.”

அந்தச் சிரிப்பு ராவுத்தருக்குத் தெரிந்த சிரிப்புதான். மன்னாடி வாசலில் அவரே சிரித்தது. அன்று திருமலைச்சாமிக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை இப்போது மழையில் நின்றுகொண்டு தெரிந்துகொண்டார். பேசாமல் போய்த் துரையின் கூடாரத்து முளையைப் பிடுங்கினார். அடுத்த முளையையும் பிடுங்கினார். துரை கத்தினார். ஏமாற்றுக்காரன் என்றார், பைத்தியம் என்றார். எதுவும் காதில் விழாதவர்போல ராவுத்தர் குடிசைக்குள் குனிந்து நுழைந்து ஆட்டுத்தொடையைக் கழற்றினார். சட்டி பானைகளை வெளியே தூக்கி வைத்தார். சின்னக்கருப்பன் ஒரு கேள்வி கேட்காமல் கூட வந்து தூக்கினான்.

சாமான் எல்லாம் ஏறும்வரை ஊர் ஆண்கள் எதிரே பூண்டு வயல் வரப்பில் மழையில் நின்றிருந்தார்கள். அப்போதும் ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ராவுத்தர் வரப்பில் ஏறித் திருமலைச்சாமியின் முன்னால் போய் நின்றார்.

“மன்னாடி, நான் தெரியாம...”

“அதப் பத்திப் பேசாதீங்க” என்றார் அவர்.

மன்னிப்புக் கேட்கவும் அந்த ஊரில் வழி இல்லை. குடிசையைக் கழுவித் தரலாம் என்றால் ஆண் கை படக்கூடாது. ஏற்கெனவே பட்டதைத்தான் கழுவியாக வேண்டும். அந்த மழையில், அந்த உடம்போடு, கறிவாடை போகச் சாணமும் தண்ணீரும் சுமந்து அந்தப் பெண்களேதான் கழுவினார்கள். ராவுத்தரால் ஆனது அந்த இடத்தைவிட்டுப் போவது ஒன்றுதான். போனார்.

வீட்டுக்கு வந்து ரஹ்மத் பீவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“அந்தப் பிள்ளைக்கு என்னாச்சுங்க?”

“தெரியலை.”

“கேக்கலையா?”

“ஆம்பள எப்பிடிப் போய்க் கேக்குறது?”

 “ஆம்பள அங்க படுத்துப் பாக்க மட்டும் முடிஞ்சுச்சா?” என்றாள்.  நாற்பது நாள் கழிந்தும் அறை வாசலில் தொங்கிய இரட்டைத் திரையில் ஒன்றை ராவுத்தரே அவிழ்த்து மடித்து உள்ளே வைத்தார்.

துரை பங்களா பங்களாவாகச் சொல்லிவைத்ததில் கூடார வியாபாரம் படுத்தது. அதற்காக ராவுத்தர் ஒருநாளும் வருத்தப்படவில்லை. அடுத்த வருஷம் வேறு யாரோ வந்து இடம் பார்த்துத் தரச் சொன்னபோது, “எனக்கு அது தெரியாதுங்க” என்றார். துரை திட்டியதில் மனம் விட்டுப்போயிற்று என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. அவரை அரித்தது ஒரே ஒரு கேள்வி. கூக்கால் பக்கத்து ஆட்கள் கடைக்கு வரும்போதெல்லாம் மழை எப்படி, பூண்டு எப்படி என்று விசாரிப்பார். குழந்தை எப்படி என்று மட்டும் கேட்க வாய் வராது.

மறுவருஷம் பூண்டு எடுத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கடைக்கு எதிரே பூண்டுக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் சின்னத்தாயி நின்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, வெல்லக்கட்டியைச் சப்பிக்கொண்டு எச்சில் ஒழுக ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ராவுத்தர் பார்த்தார். உயிரோடு இருக்கிறது. கண்ணில் நீர் வந்துவிட்டது. தன்னை மறந்து கடைப்படி இறங்கினார். குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று பேரீச்சம்பழம் ஒரு கை அள்ளியிருந்தார்.

சின்னத்தாயிக்குப் பக்கத்தில் நின்ற பெண் அவரைப் பார்த்தாள். இளவயசு, அவரோடு பேசிப் பழகாதவள், அவர் கடையையும் ஆளையும் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவள். அவள் மற்ற பெண்களிடம் தாழ்ந்த குரலில் வேகமாகச் சொன்னாள்.

“அங்கிட்டுத் திரும்பி நில்லுங்கடி. எடம் பாக்குற ராவுத்தரு வாராரு.”

பெண்கள் எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள். சின்னத்தாயியும் திரும்பினாள். திரும்பும்போது குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள். ராவுத்தர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கடைக்குள் போய், அவர்கள் பூண்டை விற்று முடித்துப் போகும்வரை வெளியே வராமல் உட்கார்ந்திருந்தார்.